முதன்முதலாகக் கோகுலாஷ்டமி கொண்டாடுபவர்களுக்கு

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்த வருடமோ, வேலைக்காக வேறு ஊருக்குக் குடிபெயர்ந்த வருடமோ, கோகுலாஷ்டமியைத் தாமே முன்னின்று நடத்த வேண்டிய கட்டம் எல்லோருக்கும் ஒருநாள் வந்துவிடுகிறது. அதுவரை சீடை தின்பதோடு நம் பங்கு முடிந்திருக்கும். அடுப்படியில் யார் நின்றார்கள், மாவு எப்போது அரைத்தார்கள், தேதியை யார் முடிவு செய்தார்கள் என்று கவனித்தே இருக்க மாட்டோம். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாக உள்ள முறையை ஒட்டி எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு வழக்கம் வேறாக இருந்தால் வீட்டு வழக்கமே பெரிது.

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மதுராவில் கம்சனின் சிறைக்குள், தேவகிக்கும் வசுதேவருக்கும் எட்டாவது பிள்ளையாகக் கண்ணன் பிறந்தான். தேய்பிறை அஷ்டமி, ரோகிணி நட்சத்திரம், நள்ளிரவு. முன்பு பிறந்த ஆறு பிள்ளைகளைக் கம்சன் கொன்றிருந்தான். அதனால் வசுதேவர் அந்த இரவிலேயே குழந்தையோடு யமுனையைக் கடந்து, கோகுலத்தில் நந்தகோபன் வீட்டில் யசோதையின் பக்கத்தில் கிடத்திவிட்டு, அவளுக்குப் பிறந்திருந்த பெண் குழந்தையை எடுத்துக்கொண்டு திரும்பினார். 'ஒருத்தி மகனாய்ப் பிறந்து ஓரிரவில் ஒருத்தி மகனாய்' என்று திருப்பாவையில் ஆண்டாள் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள்.

பண்டிகையின் சடங்குகள் எல்லாம் இந்தக் கதையின் இரண்டாம் பாதியிலிருந்து வருபவை. அன்று நம் வீடு யசோதையின் வீடு. சிறையை யாரும் நினைப்பதில்லை. ஆயர்பாடிக்கு ஒரு குழந்தை வந்திருக்கிறது. அதனால்தான் வெண்ணெயும் தயிரும், அதனால்தான் வாசலிலிருந்து உள்ளே வரும் சின்னப் பாதங்கள், அதனால்தான் தொட்டில். மற்ற பூஜைகளில் அரசனுக்குச் செய்வதுபோல் உபசாரம் செய்கிறோம். இதில் தெய்வத்தைக் குளிப்பாட்டுகிறோம், ஊட்டுகிறோம், தாலாட்டுகிறோம். எதைச் செய்வது, எதை விடுவது என்று குழப்பம் வரும்போதெல்லாம் இந்த ஒன்றை நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பிறந்த குழந்தைக்காகப் பதினெட்டு வகைப் பட்சணம் செய்துவிட்டுத் தொட்டில் பக்கம் போகவே நேரமில்லாமல் படுத்துவிடுவது முறையாகாது.

தேதியை முடிவு செய்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் திணறும் இடம் இது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் இன்று, அடுத்த வீட்டில் நாளை, இன்னொரு வீட்டில் அடுத்த மாதம் என்று நடக்கும். யாரும் தவறு செய்யவில்லை.

கண்ணன் பிறந்தபோது அஷ்டமி திதியும் ரோகிணி நட்சத்திரமும் ஒன்றாக இருந்தன. திதி என்பது சூரியனிலிருந்து சந்திரன் எவ்வளவு விலகியிருக்கிறது என்ற கணக்கு; பன்னிரண்டு பாகைக்கு ஒரு திதி. நட்சத்திரம் என்பது இருபத்தேழு நட்சத்திர வரிசையில் சந்திரன் எங்கே நிற்கிறது என்ற கணக்கு. இரண்டும் தனித்தனியே நகர்வதால் எல்லா வருடமும் ஒன்றாகச் சேர்வதில்லை. சேராத வருடத்தில், சிவன், விஷ்ணு முதலிய தெய்வங்களை ஒருங்கே வணங்கும் ஸ்மார்த்த வழக்கத்தினர் அஷ்டமியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இது கோகுலாஷ்டமி. வைணவர்கள் ரோகிணிக்கும் ஆவணி மாதத்துக்கும் முதலிடம் தருகிறார்கள். அவர்களுக்கு இது ஸ்ரீஜயந்தி. வைணவர்களுக்குள்ளும் பாஞ்சராத்ரம், வைகானசம் என்று பின்பற்றும் ஆகமத்தை, அதாவது வழிபாட்டு முறை நூலைப் பொறுத்து நாள் மாறலாம்.

2025ஆம் ஆண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆகஸ்ட் 16 அன்று அஷ்டமி இருந்தது, அரசு விடுமுறையும் அன்றுதான். ஆனால் தமிழ்க் கணக்கில் அது ஆடி மாதத்தின் கடைசி நாள். ரோகிணியோ மறுநாள் விடியற்காலையில்தான் தொடங்கியது. ஆவணியும் ரோகிணியும் வேண்டும் என்ற வீடுகளில் செப்டம்பர் நடுவில்தான் கொண்டாடினார்கள். 2026இல் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை: செப்டம்பர் 4, வெள்ளிக்கிழமை, ஆவணி மாதத்தில், அஷ்டமியும் ரோகிணியும் ஒரே நாளில் வருகின்றன.

ஆகவே செய்ய வேண்டியது எளிது. பெற்றோரையோ மாமியார் வீட்டினரையோ ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்க ஆளில்லை என்றால் அருகிலுள்ள பெருமாள் கோயில் பட்டரைக் கேளுங்கள். எந்த வழக்கமும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் நாள்காட்டியில் கிருஷ்ண ஜெயந்தி என்று அச்சிட்டிருக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் வீட்டில் ஒரு நாள், மனைவி வீட்டில் ஒரு நாள் என்று இருந்தால் சண்டை வேண்டாம். ஒரு நாளைக்குப் பூஜை, இன்னொரு நாளைக்குக் கோயில் என்று வைத்துக்கொண்டு இரண்டு வீட்டுச் சீடையையும் சாப்பிடலாம்.

ஒரு வாரம் முன்பு

பட்சணத்துக்கு முதுகெலும்பு அரிசி மாவு. பச்சரிசியைக் கழுவி ஒன்றிரண்டு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் வெள்ளைத் துணியில் பரப்பி உலர்த்துங்கள். கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் கையில் ஒட்டக்கூடாது. அந்தப் பதத்தில் அரைத்துச் சலித்து, வெறும் வாணலியில் நிறம் மாறாமல் வறுத்து எடுத்துவைத்தால் மாவு தயார். மாவு மில்லில் கொடுத்து அரைப்பவர்கள், அரிசி அரைத்த பிறகு உங்கள் அரிசியைப் போடச் சொல்லுங்கள். மிளகாய்த்தூளுக்குப் பின்னால் போய் நின்றால் குழந்தைக் கண்ணனுக்குக் காரச் சீடைதான். பண்டிகைக்கு முந்தைய இரண்டு நாட்களில் மில்லில் கூட்டம் தாங்காது என்பதால் முன்கூட்டியே முடித்துவிடுவது நல்லது. இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் கடையில் கிடைக்கும் இடியாப்ப மாவு போதும். அதையும் சலித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

வெள்ளை உளுத்தம்பருப்பை வாசனை வரச் சிவக்க வறுத்து, ஆறியதும் நைசாகப் பொடித்து, அதையும் சலித்து வையுங்கள். வெண்ணெய் உப்பில்லாததாக இருக்க வேண்டும். கடைப் பொட்டலங்களில் பெரும்பாலானவை உப்புப் போட்டவை, எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். அவல், வெல்லம், தேங்காய், எள், பெருங்காயம், சுக்கு. பழங்களில் நாவற்பழமும் விளாம்பழமும் கிடைத்தால் விசேஷம். கிடைக்காவிட்டால் வாழைப்பழமும் கொய்யாவும் போதும்.

விக்கிரகம் வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. தவழும் கண்ணன் படமோ வெண்ணெய்க் குடத்தோடு இருக்கும் படமோ எது இருந்தாலும் சரி. விக்கிரகம் வேண்டும் என்றால் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பித்தளைத் தவழும் கண்ணன் வாங்கிக்கொள்ளுங்கள். அபிஷேகம் செய்ய வசதி, சின்னத் தொட்டிலில் வைக்கவும் முடியும்.

சீடை வெடிக்காமல் இருக்க

சீடை பயமுறுத்துவது சும்மா இல்லை. எண்ணெயில் போட்ட சீடை பட்டாசுபோல் வெடித்து, கொதிக்கும் எண்ணெயோடு முகத்துக்குப் பறந்து வருவதுண்டு. காரணம் தெரிந்துகொண்டால் பயம் குறையும். சூடான எண்ணெயில் உருண்டையின் மேல்பக்கம் முதலில் இறுகி ஓடாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறப் பார்க்கிறது, வழியில்லை. அழுத்தம் கூடிக்கூடி ஓட்டை உடைத்துக்கொண்டு வருகிறது. சலிக்காத மாவில் இருக்கும் குறுநொய், கரையாத உப்புக் கல், ஈரத் தேங்காய்த் துண்டு, அழுத்தி உருட்டிய வழவழப்பான உருண்டை எல்லாமே இந்த ஆபத்தைக் கூட்டுபவை.

இரண்டு கப் வறுத்த அரிசி மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி உளுத்த மாவு, இரண்டு மேசைக்கரண்டி இளகிய வெண்ணெய் என்பது நம்பகமான அளவு. உளுந்து அதிகமானால் வெடிக்கும் வாய்ப்பு கூடும். வெண்ணெய் அதிகமானால் எண்ணெயில் கரைந்து பிரிந்துவிடும். உப்பையும் பெருங்காயத்தையும் கொஞ்சம் நீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். ஒரு தேக்கரண்டி எள். தேங்காய்த் துருவல் போடுவதானால் வாணலியில் ஈரம் போகப் புரட்டி, இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் போகாமல் போடுங்கள்.

மாவையும் வெண்ணெயையும் விரல் நுனியால் நன்றாகப் பிசிறிய பிறகு நீர் தெளித்துத் தெளித்துத் திரட்டுங்கள். சப்பாத்தி மாவுபோல் அடித்துப் பிசையக்கூடாது. ஒரு சிட்டிகை எடுத்து, உள்ளங்கையில் அழுத்தாமல் பெரிய சுண்டைக்காய் அளவுக்கு உருட்டுங்கள். பார்க்கக் கரடுமுரடாக, மேலே மெல்லிய விரிசலோடு இருந்தால் அதுதான் சரியான சீடை. அந்த விரிசல் வழியாகத்தான் ஆவி போகும். பளிங்குபோல் உருட்டுவது கண்ணுக்கு அழகு, கைக்கு ஆபத்து. உருட்டியவற்றை ஒரு துணியில் பரப்பி இருபது நிமிடம் மேல் ஈரம் உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து குத்திவிடுங்கள்.

எண்ணெய் மிதமான சூட்டில் இருக்க வேண்டும். ஒரு துளி மாவைப் போட்டால் அடிக்குப் போய் நிதானமாக மேலே வர வேண்டும். போட்டவுடன் குதித்து வந்தால் சூடு அதிகம். முதலில் இரண்டே இரண்டு சீடை போட்டு, எட்டி நின்று பாருங்கள். அவை அமைதியாக வெந்தால் அடுத்து ஒரு கைப்பிடி. வெடித்தால் மீதி மாவைத் தட்டையாகத் தட்டிவிடுங்கள், யாருக்கும் தெரியாது. சீடையைப் போட்டவுடன் எண்ணெய் சலசலவென்று பேசும். அந்தச் சத்தம் அடங்கி, உருண்டைகள் வெளிர் பொன்னிறமாகி, கரண்டியில் அள்ளினால் கல் உருள்வதுபோல் ஒலித்தால் எடுத்துவிடலாம். அவசரத்தில் தீயைக் கூட்டாதீர்கள். மேலே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். வாணலி அருகே ஒரு பெரிய மூடி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். குழந்தைகள் சமையலறைக்கு வெளியே.

வெல்லச் சீடை இன்னும் கோபக்காரப் பெண். பாகுப் பதம் பிசகினால் எண்ணெயில் கரைந்துபோகும். முதல் வருடம் அதை விட்டுவிட்டு, இனிப்புக்கு அப்பமோ வெல்ல அவலோ செய்யுங்கள். தேன்குழல் அச்சு இருந்தால் அதே மாவில் சீரகம் சேர்த்துப் பிழிந்துவிடலாம். கைமுறுக்கு சுற்றுவது ஒரு வித்தை. தெரிந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டியது, படித்துக் கற்க முடியாது.

எண்ணெய்ப் பட்சணத்தைக் கடையில் வாங்கிப் படைக்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாக வாங்கலாம் என்பது என் கட்சி. வெண்ணெய், அவல், பால், இவற்றில் ஒன்றையாவது வீட்டில் உங்கள் கையால் எடுத்துவையுங்கள். குசேலர் கொண்டுபோனது நாலு பிடி அவல்தான், அதுவும் இரவல் வாங்கியது.

சீடை, முறுக்கு எல்லாவற்றையும் முந்தைய நாளே முடித்துவிடுங்கள். பண்டிகையன்று அடுப்பில் அவல் பாயசமும் அப்பமும் மட்டும் இருந்தால் மாலைக்குத் தெம்பு இருக்கும். பண்டிகைக்கு முன்பு யாரும் எடுத்துத் தின்னக்கூடாது என்பது பல வீடுகளில் கண்டிப்பான விதி. உப்பு சரியா என்று பார்க்கக்கூட முடியாது, அதனால் உப்பை அளந்தே போடுங்கள்.

பண்டிகை நாள்

காலையில் வீட்டைத் துடைத்து, மாவிலை கட்டி, நீராடிவிட்டுத் துளசி பறித்து வைத்துவிடுங்கள். மாலையில் நினைவு வந்து பறிக்கப் போவது வழக்கத்துக்கு ஒவ்வாதது; இருட்டிய பிறகு துளசியைத் தொடுவதில்லை.

விரதம் அவரவர் உடம்பைப் பொறுத்தது. முழுப் பட்டினி இருப்பவர்களும் உண்டு, பாலும் பழமும் எடுப்பவர்களும் உண்டு, அரிசியை மட்டும் தவிர்ப்பவர்களும் உண்டு. சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி இருக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் பிள்ளை பிறந்த நாளை வயிறு நிறையச் சாப்பிட்டே கொண்டாடலாம்.

பிற்பகலில் பாதக் கோலம். குழந்தைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள், இது அவர்கள் வேலை. அரிசி மாவை நீரில் தளரக் கரைத்து ஒரு தட்டில் ஊற்றுங்கள். இடது கையை மூடி முஷ்டியாக்கி, சுண்டுவிரல் பக்கத்தை மாவில் தொட்டுத் தரையில் பதித்து எடுங்கள். உள்ளே வளைந்த ஒரு சின்ன இடது பாதம் விழுந்திருக்கும். அதன் முன்னால் விரல் நுனியால் ஐந்து புள்ளிகள். கட்டைவிரல் புள்ளி உட்பக்கம், கொஞ்சம் பெரிதாக. வலது கையால் அதேபோல் வலது பாதம். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தால் குழந்தை நிற்பதுபோல் ஆகிவிடும். முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி வைத்தால்தான் நடந்து வரும். வாசற்படியில் தொடங்கிப் பூஜை இடத்தில் முடியுங்கள். விரல்கள் எப்போதும் வீட்டின் உட்பக்கம் பார்க்க வேண்டும். உற்சாகத்தில் பிள்ளைகள் திருப்பி வைத்துவிடுவார்கள், கண்ணன் வெளியே போய்விடுவான். அடுப்படிப் பக்கமாகவும் ஒரு கிளை பிரித்துவிடும் வீடுகள் உண்டு. வெண்ணெய் அங்கேதானே இருக்கிறது.

ஈரமான டைல்ஸ் தரையில் மாவு காயும்வரை வழுக்கும். வயதானவர்கள் நடக்கும் பாதையை விட்டு ஓரமாகப் போடுங்கள். ஒட்டும் பாதப் படங்கள் கடையில் கிடைக்கின்றன. எல்லாப் பாதமும் ஒரே அச்சாக இருக்கும் அந்தப் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை போட்ட ஆறு விரல் பாதம் அதைவிட மேல்.

பூஜை

விளக்கேற்றும் நேரத்துக்கு மேல் தொடங்குங்கள். பிறப்பு நள்ளிரவு என்பதால் பன்னிரண்டு மணிக்குப் பூஜை செய்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் தூங்குவதற்குள் என்று ஆறரை, ஏழு மணிக்கு முடித்துவிடுகிறார்கள். புதியவர்களுக்கு மாலையே உகந்தது.

மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து முதலில் அவரை வணங்குங்கள். பிள்ளையார் பிடிக்காத வைணவ வீடுகளில் நேராகப் பெருமாளுக்கே. பிறகு விக்கிரகம் இருந்தால் ஒரு தாம்பாளத்தில் வைத்துப் பால், தயிர், தேன், கடைசியில் சுத்த நீர் என்று ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி அபிஷேகம். மெல்லிய துணியால் ஒற்றி, சந்தனம் குங்குமமிட்டு, சின்ன வஸ்திரம் சுற்றி, தலையில் மயிலிறகு ஒன்று செருகுங்கள். படம் என்றால் பூச்சாற்றினால் போதும். அடுத்து கண்ணனின் நூற்றெட்டு நாமங்களைச் சொல்லித் துளசியால் அர்ச்சனை. அதுவும் வராது என்றால் தெரிந்த நாமம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

பாராயணத்துக்கு, பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தின் மூன்றாம் அத்தியாயம் பிறப்பைச் சொல்வது. வடமொழி படிக்கத் தெரிந்தவர்கள் அதை எடுத்துக்கொள்ளலாம். தமிழில் பெரியாழ்வாரை விட்டால் வேறு ஆளில்லை. 'வண்ண மாடங்கள்' என்று தொடங்கும் பத்துப் பாட்டில், பிள்ளை பிறந்த செய்தி கேட்ட ஆய்ப்பாடியினர் எண்ணெயையும் மஞ்சள் பொடியையும் ஒருவர் மேல் ஒருவர் தூவி முற்றத்தையே சேறாக்குகிறார்கள். ஓடுகிறார்கள், விழுகிறார்கள், கூத்தாடுகிறார்கள். அதை உரக்கப் படித்துவிட்டு, 'மாணிக்கம் கட்டி' என்ற தாலாட்டைப் பாடித் தொட்டிலை ஆட்டுங்கள். ராகம் தெரியாவிட்டாலும் குழந்தை கோபித்துக்கொள்ளாது.

வெண்ணெயை ஒரு சின்னக் கிண்ணத்தில் முன்னால் வைத்து, பால், தயிர், அவல், சுக்கும் வெல்லமும், பழங்கள், பட்சணங்கள் என்று பரப்பி நைவேத்தியம் செய்து கற்பூரம் காட்டுங்கள். வீட்டில் கண்ணன் வேஷம் போட்ட பிள்ளை இருந்தால் முதல் வெண்ணெய் அவன் வாயில். கொண்டையும் புல்லாங்குழலும் மாட்டிய குழந்தையைப் படம் எடுக்கிறேன் என்று அழவைக்காதீர்கள்.

விழித்திருக்க முடிந்தவர்கள் நள்ளிரவில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். தேய்பிறை அஷ்டமி நிலவு ஏறக்குறைய அந்த நேரத்தில்தான் கிழக்கே எழும்பும், பாதி நிலவாக. கண்ணனுக்கும் சந்திரனுக்கும் அர்க்கியம் விடும் வழக்கம் உள்ள வீடுகளில் அப்போது பாலும் நீரும் கலந்து விடுவார்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் அந்நேரத்தில் மணியடிப்பதைத் தவிர்த்தால் கீழ்வீட்டுக்காரர் அடுத்த வருடமும் சீடை வாங்கிக்கொள்வார்.

மறுநாள்

விரதம் இருந்தவர்கள் காலையில் நீராடி, வணங்கி, பிரசாதத்தோடு பாரணை செய்வார்கள், அதாவது விரதத்தை முடிப்பார்கள். திதியும் நட்சத்திரமும் எப்போது முடிகின்றன என்று பஞ்சாங்கத்தில் பார்த்துச் செய்பவர்களும் உண்டு.

பல ஊர்களில் உறியடி மறுநாள்தான். தஞ்சாவூர்ப் பக்கம் வரகூரில் உறியடியும் வழுக்குமரமும் பெயர்பெற்றவை. எண்ணெய் தடவிய மரத்தில் இளைஞர்கள் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, சறுக்கி, மறுபடியும் ஏற, சுற்றி நிற்பவர்கள் நீரை வீசியடிப்பார்கள். மும்பையில் தயிர்ப்பானை உடைப்பதும், உடுப்பியில் விட்டல் பிண்டி என்ற மறுநாள் விழாவன்று கம்பத்தில் தொங்கும் மண்கலங்களை உடைப்பதும் இதே குறும்பின் வேறு வடிவங்கள். குருவாயூரில் அஷ்டமி ரோகிணிக்கு அப்பமும் பால்பாயசமும் பிரசித்தம். வீட்டு மாடியில் ஒரு மண்சட்டியில் மோரும் மஞ்சளும் ஊற்றிக் கயிற்றில் கட்டிவிட்டால் உங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் ஓர் உறியடி ஆயிற்று. சட்டி உடையும்போது சில்லு காலில் படாமல் செருப்புப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

பட்சணத்தைப் பகிரும்போது தனியாக இருப்பவர்கள் வீட்டுக்கு முதலில் அனுப்புங்கள். மீதியை நன்றாக ஆறிய பிறகு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்து நமுத்துப்போகும். தேங்காய் போட்ட சீடையை முதலில் தீர்த்துவிடுங்கள், சீக்கிரம் சிக்குவாடை வந்துவிடும். பொரித்த எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், வடிகட்டி அந்த வாரத்துக்குள் தாளிக்கப் பயன்படுத்திவிடுங்கள். அரிசி மாவு மிஞ்சியிருந்தால் கவலை வேண்டாம். கோகுலாஷ்டமிக்குப் பத்துப் பதினோரு நாளில் பிள்ளையார் சதுர்த்தி வந்துவிடும், 2026இல் செப்டம்பர் 14. வறுத்த மாவு கொழுக்கட்டை மேல்மாவுக்கு ஆயிற்று.